முயல் தந்த ஆன்டிபாடியும் ஹிஸ்டோன் வாலும்: வாசகர் கேள்வி பதில்

எபிஜெனெடிக்ஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து மாறாமயே ஜீன் வேலை செய்யறது மாறற விஷயம், இத பத்தி வந்த கேள்விகள்ல இந்த தடவ ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு வடிவத்த தேடி பிடிச்சு ஒட்டிக்கிற புரோட்டீன்) சம்பந்தப்பட்டத மட்டும் எடுத்துக்கிட்டேன். ஸ்கூல் டீச்சர்ல இருந்து பிஎச்டி பண்றவங்க வரைக்கும் கேட்டிருக்கீங்க, அதனால சில பதில் ரொம்ப அடிப்படையா இருக்கும், சிலது லேப்ல கைய நனைக்கிறவங்களுக்கு மட்டும் புரியும், பொறுத்துக்கோங்க.

உயிரியல் ஆசிரியர், தேனி: ஹிஸ்டோன் மேல ஏறுற மெத்தில் குரூப்ப ஆன்டிபாடி வெச்சு கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு பயிற்சி முகாம்ல சொன்னாங்க. மெத்தில்னா ஒரு கார்பன் மூணு ஹைட்ரஜன், அவ்ளோதான். அவ்ளோ சின்ன விஷயத்த ஒரு முயலோட ரத்தத்துல இருந்து எடுத்த புரோட்டீன் எப்படி சார் கண்டுபிடிக்கும்?

சரியான எடத்துல கேள்வி கேட்டிருக்கீங்க சார். மொதல்ல அந்த மெத்தில் எங்க உக்காந்திருக்குன்னு பாத்துடலாம். ஹிஸ்டோன்னா டிஎன்ஏ சுத்திக்கிற புரோட்டீன். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4னு நாலு வகை ஹிஸ்டோன், ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா எட்டு சேர்ந்து ஒரு உருண்டை மாதிரி நிக்கும், அத சுத்தி 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ சுத்தியிருக்கும், இதுக்கு பேர்தான் நியூக்ளியோசோம். இதுல ஹிஸ்டோனோட வால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பெரும்பாலும் அந்த வால்ல இருக்குற லைசின்ங்கற அமினோ அமிலம் மேல மெத்திலும், அசெட்டில்ங்கற இன்னொரு சின்ன குரூப்பும் ஏறும், தேவப்பட்டா என்சைம் வந்து எறக்கியும் விடும்.

இப்ப ஆன்டிபாடி செய்யறவங்க என்ன பண்றாங்கன்னா, அந்த வால்ல ஒரு பத்து இருபது அமினோ அமிலம் வர்ற அளவுக்கு ஒரு துண்ட கெமிஸ்ட்ரில செயற்கையா செஞ்சுக்கிறாங்க, குறிப்பிட்ட லைசின் மேல மட்டும் மூணு மெத்தில் வெச்சு. அத அப்படியே முயலுக்கு போட்டா பெருசா ஒண்ணும் நடக்காது, ஏன்னா துண்டு ரொம்ப சின்னது, அதோட முயலோட ஹிஸ்டோனும் நம்ம ஹிஸ்டோனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதோட உடம்பு இத வெளியாளா நினைக்காது. அதனால கீஹோல் லிம்பெட்னு ஒரு கடல் நத்தையோட ரத்தத்துல இருக்குற பெரிய புரோட்டீனோட இந்த துண்ட ஒட்டி போடுவாங்க. சில வாரம் கழிச்சு ரத்தம் எடுத்து, சீரம பிரிச்சு, மெத்தில் இல்லாத வெறும் துண்டு ஒட்டின காலம்ல (column, வடிகட்டற குழாய்) விடுவாங்க, வெறும் வால பிடிக்கிற ஆன்டிபாடி எல்லாம் அதுல நின்னுடும், மீதி கீழ வர்றத மெத்தில் உள்ள துண்டு ஒட்டின காலம்ல பிடிச்சு எடுப்பாங்க. அந்த முதல் காலம சரியா ஓட்டாம விட்டா, மெத்தில் இருந்தாலும் இல்லாட்டியும் போய் ஒட்டிக்கிற சரக்குதான் ட்யூப்ல வரும்.

உங்க கேள்விக்கு நேரடி பதில் என்னன்னா, ஆன்டிபாடி மெத்தில மட்டும் தனியா பாக்கறதே இல்ல, ரெண்டு பக்கமும் இருக்குற அமினோ அமிலங்களோட சேர்த்து ஒரு வடிவமா பிடிக்குது. டைமெத்திலுக்கும் (ரெண்டு மெத்தில்) ட்ரைமெத்திலுக்கும் (மூணு மெத்தில்) வித்தியாசம் ஒரு ஹைட்ரஜன் இருந்த எடத்துல ஒரு மெத்தில் வந்திருக்கு, அவ்வளவுதான், அத பிரிச்சு பாக்குற ஆன்டிபாடி இருக்கறது நெஜமாவே பெரிய விஷயம், எல்லா ஆன்டிபாடியாலயும் முடியாதுங்கறதும் அதே அளவுக்கு உண்மை.

இதால என்ன லாபம்னு பசங்க கேட்டா இத சொல்லுங்க. 1964லயே ராக்கஃபெல்லர்ல வின்சென்ட் ஆல்ஃப்ரே குழு, ஹிஸ்டோன் மேல ஏறுற அசெட்டிலுக்கும் ஆர்என்ஏ தயாராகறதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு எழுதிட்டாங்க, ஆனா அப்ப ரேடியோஆக்டிவ் அசிடேட் போட்டு மொத்த ஹிஸ்டோன்ல எவ்ளோ ஏறுச்சுன்னுதான் அளக்க முடியும், குரோமோசோம்ல எந்த எடத்துலன்னு தெரியாது. 1992ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல ப்ரையன் டர்னர் குழு, எச்4ல ஒவ்வொரு லைசினுக்கும் தனித்தனியா செஞ்ச ஆன்டிபாடிய பழ ஈயோட எச்சில் சுரப்பி குரோமோசோம் மேல போட்டு பாத்தாங்க. அந்த குரோமோசோம் ரொம்ப தடிமனா இருக்கும், மைக்ராஸ்கோப்ல பட்டை பட்டையா தெரியும். 16ஆவது லைசின் அசெட்டில பிடிக்கிற ஆன்டிபாடி போட்டப்போ ஆண் ஈயோட எக்ஸ் குரோமோசோம் பூரா பளிச்சுன்னு தெரிஞ்சுது, மத்த குரோமோசோம்ல அந்த மாதிரி இல்ல. ஆண் ஈக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், பெண்ணுக்கு ரெண்டு, அந்த ஒண்ண வெச்சே ரெண்டோட வேலைய ஆண் செல் பண்ணியாகணும், அதுக்கான அடையாளம் அங்க கண்ணுக்கு தெரிஞ்சுது. எனக்கு இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச படம் அதுதான், கிளாஸ்ல காட்டுங்க சார்.

குடும்பத்தலைவி, கும்பகோணம்: அப்போ ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் முயல் வளத்து ரத்தம் எடுக்கணுமா? பாவமா இருக்குங்க.

உங்க வருத்தம் நியாயமானதுங்க. 1975ல கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை ஆன்டிபாடிய மட்டும் செல்ல வளத்து எடுக்கற வழிய கண்டுபிடிச்சாங்க, 1984ல அதுக்கு நோபல் கெடச்சுது. இப்ப அதுக்கும் மேல போயாச்சு, நல்ல ஆன்டிபாடியோட ஜீன் எழுத்த படிச்சு வெச்சுக்கிட்டா போதும், அத வேற செல்லுல போட்டு எத்தன வருஷம் கழிச்சும் அதே ஆன்டிபாடிய எடுக்கலாம், ரீகாம்பினன்ட்னு லேபிள்ல போட்டிருக்கும். முதல் தடவ ஒரு விலங்கு தேவப்படறது இன்னும் நிறைய எடத்துல இருக்கு, அதுக்கப்புறம் வேணாம். லேப்ல இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், ரீகாம்பினன்ட்னா எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்னு அர்த்தம், சரியானத பிடிக்கும்னு அர்த்தம் இல்ல. தப்பான எடத்துல ஒட்டுற ஆன்டிபாடியோட ஜீன படிச்சு வெச்சா அது காலத்துக்கும் தப்பாவே ஒட்டும்.

எம்.எஸ்சி மாணவி, கோவை: சார், ப்ராஜெக்ட்டுக்கு எச்3கே9 ட்ரைமெத்தில், எச்3கே27 ட்ரைமெத்தில் ரெண்டு ஆன்டிபாடியும் எலி செல்லுல போட்டேன். ரெண்டு படமும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டு மார்க்கும் ஒரே எடத்துலதான் இருக்குன்னு எழுதலாமா?

எழுதாதம்மா, கொஞ்சம் பொறு. மத்தவங்களுக்கு ஒரு வரி: கேன்னா லைசின், எச்3கே9 ட்ரைமெத்தில்னா எச்3ல 9ஆவது லைசின் மேல மூணு மெத்தில், இந்த மாதிரி ஏறின அடையாளத்ததான் மார்க்னு சொல்றோம். எச்3 வால எடுத்து எழுத்தெழுத்தா படிச்சு பாரு. 7ல இருந்து 10 வரைக்கும் அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். 25ல இருந்து 28 வரைக்கும் அதே அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். ஒரே கோலம் போட்ட ரெண்டு வாசல் மாதிரி, தெருவுக்கு புதுசா வர்றவங்க வீடு மாறி போயிடுவாங்க, ஆன்டிபாடியும் அப்படித்தான் மாறி போய் உக்காரும். பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு எழுத்த சேர்த்து படிக்கிற ஆன்டிபாடியா இருந்தாதான் 9 வேற 27 வேறன்னு தெரியும்.

உன் கையில இருக்குறத சோதிக்க செலவு அதிகம் ஆகாது. மெம்பிரேன்ல பெப்டைட் (செயற்கையா செஞ்ச வால் துண்டு) சொட்டு வெச்சு பாரு, கே9 ட்ரைமெத்தில், கே9 டைமெத்தில், கே27 ட்ரைமெத்தில், கே4 ட்ரைமெத்தில், ஒண்ணும் இல்லாத வெறும் வால், ஒவ்வொண்ணையும் பல அளவுல கொறச்சு கொறச்சு வை. ஒரே ஒரு அளவுல வெச்சா நிறைய சொட்டு வெச்ச எடத்துல எல்லாமே கருப்பா வந்துடும், கொறஞ்ச அளவுல எது மிச்சம் நிக்குதுன்னு பாத்தாதான் உண்மை தெரியும்.

அப்புறம் உன் எலி செல்லே உனக்கு பதில் சொல்லும். டாப்பி (டிஎன்ஏவ ஒளிர வைக்கிற சாயம்) போட்டா எலி நியூக்ளியஸ்ல பளிச்சுன்னு புள்ளி புள்ளியா தெரியுதுல்ல, அது சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோம பிடிச்சு இழுக்கற எடம்) பக்கத்துல இருக்குற இறுக்கமான குரோமாட்டின் (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த கட்டு), கே9 ட்ரைமெத்தில் அந்த புள்ளிங்க மேல குவியணும். கே27 ட்ரைமெத்தில் சாதாரண செல்லுல அப்படி குவியாது, பரவலா இருக்கும், செல் பெண் எலியோடதா இருந்தா அணைஞ்சு போன எக்ஸ் குரோமோசோம் மேல ஒரு திட்டா தெரியும். உன் கே27 படத்துலயும் டாப்பி புள்ளிங்கதான் எரியுதுன்னா, அந்த ஆன்டிபாடி கே9ல போய் உக்காந்திருக்குன்னு பலமா சந்தேகப்படலாம். இன்னும் உறுதியா வேணும்னா கே27ல மெத்தில் வைக்கிற இஇசட்எச்2 என்சைம தடுக்கற மருந்து போட்டு சில நாள் வளத்து பாரு, கே27 ட்ரைமெத்தில் செல் பிரிய பிரிய கொறஞ்சுக்கிட்டே போகணும், ஒரு நாள்ல பாத்துட்டு கொறயலன்னு முடிவு பண்ணிடாத.

இன்னொன்னு, செல் பிரியற நேரத்துல எச்3ல 10ஆவது செரின் மேல பாஸ்பேட் ஏறிடும், அது கே9க்கு பக்கத்து சீட்டு. சில கே9 ஆன்டிபாடிக்கு அந்த பாஸ்பேட் இருந்தா பிடிக்க முடியாது, அதனால பிரியற செல்லுல மட்டும் சிக்னல் காணாம போயிடும், மார்க் அங்கயேதான் இருக்கும். காணோம்ங்கறதுக்கும் தெரியலங்கறதுக்கும் நடுவுல இருக்குற இந்த வித்தியாசத்த தயவுசெஞ்சு உன் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுது.

பிஎச்டி ஆய்வாளர், ஹைதராபாத்: சார், எச்3கே4 ட்ரைமெத்தில் சிப்சீக் பண்றேன். பழைய ஆன்டிபாடி தீந்து போச்சு, அதே கம்பெனி அதே கேட்டலாக் நம்பர்ல வாங்கினேன், லாட் மட்டும் வேற. இப்ப பீக் அகலமா வருது, என்ஹான்சர்லயும் வருது. கைடு ரெண்டு டேட்டாவையும் சேர்த்து போட்டுடுன்னு சொல்றாங்க. என்ன செய்ய?

சேர்க்காதீங்க தம்பி. புதுசா படிக்கறவங்களுக்கு: சிப்சீக்னா ஆன்டிபாடிய வெச்சு மார்க் உள்ள குரோமாட்டின் துண்டுகள இழுத்து (இதுதான் சிப்), அதுல இருக்குற டிஎன்ஏவ படிச்சு (சீக்), மார்க் எங்க இருக்குன்னு பாக்கற முறை, நிறைய சேர்ந்த எடம்தான் பீக்; லாட்னா ஒரே தடவைல தயாரான தொகுதி. கைடுகிட்ட மரியாதையா, ஆனா உறுதியா சொல்லுங்க. பாலிகுளோனல்னா ஒரு முயலோட உடம்புல உருவான பல ஆன்டிபாடியோட கலவை, அடுத்த லாட் வேற ரத்தம், வேற முயலா கூட இருக்கலாம், கேட்டலாக் நம்பர் ஒண்ணா இருக்கறதால உள்ள இருக்குறது ஒண்ணாயிடாது. நீங்க சொல்ற அறிகுறிய பாத்தா புது லாட் மோனோமெத்திலயும் டைமெத்திலயும் சேர்த்து பிடிக்குதுன்னு தோணுது, ஏன்னா ட்ரைமெத்தில் புரொமோட்டர்ல (ஜீன் படிக்க ஆரம்பிக்கிற எடம்) கூர்மையா நிக்கும், என்ஹான்சர்ல (ஜீன தூரத்துல இருந்து தூண்டற டிஎன்ஏ பகுதி) அதிகம் இருக்கறது மோனோமெத்தில்தான்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கற விஷயமும் இல்ல. 2011ல ஒரு பெரிய குழு 200க்கு மேல ஹிஸ்டோன் ஆன்டிபாடிய பழ ஈ, புழு, மனுஷ செல் மூணுலயும் சோதிச்சாங்க. பெரும்பாலானது நல்லாதான் இருந்துச்சு, ஆனா நாலுல ஒண்ணுக்கு மேல டாட் பிளாட்லயோ (மெம்பிரேன்ல சொட்டு வெச்சு பாக்கற சோதனை) வெஸ்டர்ன் பிளாட்லயோ (புரோட்டீன்கள அளவு வாரியா பிரிச்சு பாக்கற சோதனை) சரியானத பிடிக்கலன்னு ஃபெயில் ஆச்சு. அதுல பாஸ் ஆனதுலயும் நூத்துக்கு 20க்கு மேல சிப்ல வேலை செய்யல. 2018ல சிகாகோல ருத்தன்பர்க் லேப்ல இருந்து வந்த வேலை உங்க கேஸுக்கு அப்படியே பொருந்தும். எச்3கே4 மெத்தில்காக கடையில விக்கிற 52 ஆன்டிபாடிய எடுத்தாங்க, எந்த மெத்தில் இருக்குன்னு தெரிஞ்ச, பார்கோடு டிஎன்ஏ சுத்தின நியூக்ளியோசோம தாங்களே செஞ்சு சிப் ட்யூப்புக்குள்ளயே கலந்து விட்டாங்க, கடைசில எந்த பார்கோடு எவ்ளோ வந்துச்சுன்னு எண்ணினா ஆன்டிபாடி எத பிடிச்சுதுன்னு நேரா தெரிஞ்சுடும். ஒண்ணு, ரெண்டு, மூணு மெத்தில பிரிச்சு பாக்க முடியாத ஆன்டிபாடி நிறைய இருந்துச்சு. பெப்டைட்ல சுத்தமா தெரிஞ்ச ஆன்டிபாடி சிப்ல அதே மாதிரி நடந்துக்கும்னு சொல்ல முடியாதுங்கறதும் அதுல வெளிய வந்துச்சு. அந்த பேப்பர பிரிண்ட் எடுத்து கைடு டேபிள்ல வைங்க, பழைய பேப்பர்கள்ல என்ஹான்சர்ல ட்ரைமெத்தில் இருக்குன்னு எழுதினதுல எவ்ளோ இப்படி வந்திருக்கும்னு அவங்களுக்கே தோணும்.

இப்ப கையில பண்ண வேண்டியது: பழைய லாட்ல ட்யூப்போட அடியில சொட்டு மிச்சம் இருந்தா கூட விடாதீங்க, ஒரே குரோமாட்டின ரெண்டா பிரிச்சு ரெண்டு லாட்லயும் சிப் பண்ணுங்க, பக்கத்துல வெறும் ஐஜிஜி (எந்த மார்க்கையும் குறி வைக்காத சாதாரண ஆன்டிபாடி) ஒண்ணு, இன்புட் (ஆன்டிபாடி போடாத அதே குரோமாட்டின்) ஒண்ணு. சீக்வென்ஸிங்க்கு அனுப்பறதுக்கு முன்னாடி க்யூபிசிஆர்ல (குறிப்பிட்ட டிஎன்ஏ எவ்ளோ இருக்குன்னு அளக்கற முறை) ஜிஏபிடிஎச் புரொமோட்டர் மாதிரி எப்பவும் ஓடுற ஜீன், உங்க செல்லுல நல்லா தெரிஞ்ச ஒரு என்ஹான்சர், ஜீனே இல்லாத பாலைவன எடம் ஒண்ணு, இந்த மூணையும் பாருங்க. பழைய லாட் சுத்தமா மிச்சம் இல்லன்னா, நல்லா சோதிச்ச ரீகாம்பினன்ட் ஒண்ண வாங்கி முக்கியமான சாம்பிள்கள மறுபடி பண்றத தவிர வேற நேர்மையான வழி எனக்கு தெரியல. செலவுதான், தெரியும். பேப்பர்ல லாட் நம்பர கட்டாயம் எழுதுங்க, எழுதாத பேப்பர பாக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா அடுத்தவங்க அத திரும்ப பண்ணவே முடியாது.

அதே ஆய்வாளர்: மருந்து போட்ட செல்லுல வெஸ்டர்ன்ல மார்க் நல்லா கொறஞ்சிருக்கு, சிப்சீக்ல மட்டும் ரெண்டும் ஒரே மாதிரி வருது. எது பொய்?

ரெண்டும் பொய் இல்ல, கணக்குதான் கோளாறு. சிப்சீக்ல ரெண்டு சாம்பிளையும் மொத்த ரீட் (படிச்ச டிஎன்ஏ துண்டு) எண்ணிக்கைக்கு சமப்படுத்திடறீங்க, மார்க் எல்லா எடத்துலயும் ஒரே விகிதத்துல கொறஞ்சா அந்த சமப்படுத்தல் கொறஞ்சத மறைச்சுடும். 2014ல எச்3ல 79ஆவது லைசின் மேல மெத்தில் வைக்கிற டாட்1எல் என்சைம தடுக்கற மருந்த வெச்சு இத தெளிவா காட்டினாங்க, எச்3கே79 டைமெத்தில் கொறஞ்சது சாதாரண கணக்குல சரியா தெரியல, ஒவ்வொரு சாம்பிள்லயும் ஒரே அளவு பழ ஈ குரோமாட்டின் கலந்து, அத வெச்சு சமப்படுத்தினதும் தெரிஞ்சுது. நீங்களும் ஈ குரோமாட்டின் கலந்து பண்ணுங்க, சிப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கலக்கணும், கடைசில சீக்வென்ஸிங் லைப்ரரில கலந்து பிரயோஜனம் இல்ல.

ஆராய்ச்சி உதவியாளர், பெங்களூரு: எங்க லேப்ல செல் ரொம்ப கம்மி, கட் அண்ட் டேக் பண்ணலாம்னு சொல்றாங்க. அதுல ஆன்டிபாடி பிரச்சனை கெடையாதா?

இருக்குங்க. இது சியாட்டில்ல ஹெனிகாஃப் லேப்ல இருந்து வந்த முறை, 2017ல கட் அண்ட் ரன், 2019ல கட் அண்ட் டேக். ஃபார்மால்டிஹைட் போட்டு இறுக்கி, சவுண்ட் வெச்சு உடைச்சு, பீட்ஸ்ல இழுக்கற வேலை எல்லாம் இல்லாம, ஆன்டிபாடிய செல்லுக்குள்ளயே விட்டு, அது உக்காந்த எடத்துல, ஆன்டிபாடிய பிடிக்கிற புரோட்டீன் ஏ கட்டின டிஎன்5 என்சைம் போய் வெட்டி சீக்வென்ஸிங் அடாப்டரையும் (டிஎன்ஏவ படிக்க தேவையான சின்ன துண்டு) வெச்சுடும். சிப்சீக்குக்கு லட்சக்கணக்குல செல் கேக்கற எடத்துல இங்க ரொம்ப கம்மி போதும், பின்னணி இரைச்சலும் கம்மி. ஆனா ஆன்டிபாடி தப்பான எடத்துல உக்காந்தா வெட்டும் தப்பான எடத்துலதான் விழும், அதோட டிஎன்5க்கு திறந்து கிடக்கற குரோமாட்டின்னா சொந்த ஆசையே உண்டு, ஆன்டிபாடி இல்லாமயே போய் வெட்டிடும். கே27 ட்ரைமெத்தில் டேட்டால வேலை செய்யற ஜீனோட புரொமோட்டர்ல எல்லாம் பீக் வந்தா மொதல்ல இதத்தான் சந்தேகப்படணும். 300 மில்லிமோலார் உப்பு வாஷ்ல நேரம் மிச்சம் பிடிக்காதீங்க, அந்த வாஷ்தான் இத அடக்குது. ஐஜிஜி கன்ட்ரோல் கண்டிப்பா வைங்க.

பேத்தாலஜி லேப் டெக்னீஷியன், மதுரை: குழந்தைங்களோட மூளைத்தண்டு கட்டிக்கு எச்3 கே27எம், எச்3கே27 ட்ரைமெத்தில் ரெண்டு ஸ்டெயினும் போட சொல்றாங்க. ட்ரைமெத்தில் ஸ்லைட்ல கலரே இல்லன்னா அதுதான் ரிசல்ட்டுன்னு டாக்டர் சொல்றார். ஸ்டெயின் வேலை செய்யலன்னாலும் கலர் வராதே, எப்படி பிரிக்கறது?

இந்த கேள்விய கேட்டதுக்கு உங்கள மனசார பாராட்டறேன்ம்மா, ஒரு குழந்தையோட ரிப்போர்ட் இதுல இருக்கு. 2012ல கண்டுபிடிச்ச விஷயம் இது. இந்த கட்டிகள்ல நிறையத்துல எச்3 ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி, 27ஆவது லைசின் எடத்துல மெத்தியோனின் வந்திருக்கு, அதுதான் கே27எம். மனுஷனுக்கு எச்3 ஜீன் நிறைய இருக்கு, அதுல ஒண்ணு கெட்டா மீதி சமாளிச்சுடும்னுதான் நினைக்கத் தோணும், ஆனா இந்த மாறின ஹிஸ்டோன் மெத்தில் வைக்கிற என்சைம் கூட்டத்தையே முடக்கிடுது, அதனால நல்ல எச்3 மேலயும் கே27 ட்ரைமெத்தில் பெரும்பாலான எடத்துல கொறஞ்சுடுது. ஒரு ஆன்டிபாடி மாறின ஹிஸ்டோன காட்டுது, இன்னொன்னு மெத்தில் போனத காட்டுது, அதனாலதான் ரெண்டையும் சேர்த்து கேக்கறாங்க. 2016ல உலக சுகாதார நிறுவனம் இத தனி வகையாவே பேர் வெச்சு சேர்த்துச்சு, 2021ல அந்த பேர மாத்தி கே27எம் மாற்றம் இல்லாம மெத்தில் மட்டும் போன கட்டிகளையும் உள்ள கொண்டு வந்தாங்க.

இப்ப ஸ்லைட எடுங்க. கட்டிக்குள்ள ஓடுற ரத்தக்குழாய தேடுங்க, அதோட உள்சுவர்ல தட்டையா ஒட்டியிருக்குற செல்லுங்க கட்டியோட செல் கெடையாது, குழந்தையோட சாதாரண செல், அதுல ட்ரைமெத்தில் இருந்தே ஆகணும். லிம்போசைட் தெரிஞ்சா அதுவும் அப்படித்தான். ரத்தக்குழாய் நியூக்ளியஸ் நல்ல பிரவுனா (ஆன்டிபாடி பிடிச்ச கலர்) இருந்து, சுத்தி இருக்குற கட்டி நியூக்ளியஸ் எல்லாம் வெறும் நீலமா இருந்தா, மெத்தில் போயிருக்குன்னு டாக்டர் தைரியமா படிக்கலாம். ரத்தக்குழாயும் நீலமாவே இருந்தா அந்த ஸ்லைட்ல இருந்து ஒரு முடிவும் எடுக்கக்கூடாது, ஃபார்மலின்ல அதிக நாள் ஊறியிருக்கலாம், ஆன்டிஜென் ரிட்ரீவல் (ஃபார்மலின் மறைச்சத சூடு வெச்சு திறக்கற வேலை) சரியா சூடாகாம இருந்திருக்கலாம், ஆன்டிபாடி பழசாகியிருக்கலாம். கே27எம் ஸ்லைட்ல நேர்மாறு, கட்டி நியூக்ளியஸ் பிரவுன், ரத்தக்குழாய் நீலம். அதுல நியூக்ளியஸ்ல வர்ற கலர மட்டும் கணக்குல எடுங்க, சைட்டோபிளாசம்ல வர்ற லேசான பிரவுன எடுக்காதீங்க.

ட்ரைமெத்தில் போனத மட்டும் வெச்சு இந்த கட்டின்னு சொல்லிடவும் முடியாது, குழந்தைங்களுக்கு பின்மூளைல வர்ற ஒரு வகை எபென்டிமோமாங்கற மூளைக் கட்டிலயும் அது போகும், நரம்பு உறைல வர்ற ஒரு வகை புற்றுலயும் போகும். முடிவு பேத்தாலஜிஸ்ட்டோடது, ஆனா ரத்தக்குழாய்ல கலர் வந்துச்சா இல்லையான்னு மொதல்ல பாக்கற கண்ணு உங்களோடது. வரலன்னா ஸ்லைட மேல அனுப்பாதீங்க, பிளாக்ல இருந்து புதுசா வெட்டி, கூடவே நல்லா ஸ்டெயின் ஆகும்னு தெரிஞ்ச ஒரு கன்ட்ரோல் திசுவையும் அதே ஸ்லைட்ல வெச்சு, மறுபடி போடுங்க.